128-க்கும் 256-க்கும் நடுவில் பத்தாயிரம் ரூபாய்: மலிவு மாடல் எதற்கு, ஸ்டோரேஜுக்கு விலை எப்படி?

#1 வைகைக்கரை

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகள் கல்லூரியில் சேர்கிறாள், ஃபோன் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன். கடையில் விற்பனைப் பையன் ஒரே மாடலில் இரண்டு பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தான். திருப்பிப் பார்த்தால் அதே திரை, அதே கேமரா, அதே பேட்டரி. ஒன்றில் 128 ஜிபி, இன்னொன்றில் 256. "மேடம், இன்னும் ரெண்டாயிரம்தான், 256 எடுத்துக்குங்க" என்றான். பக்கத்துக் கவுண்டரில் ஐபோன். அங்கே அதே 128 ஜிபி கூடுதலுக்கு பத்தாயிரம். ஐபோன் 16 வெளிவந்தபோது 128 ஜிபி 79,900, 256 ஜிபி 89,900, 512 ஜிபி 1,09,900 ரூபாய்.

ஒரே அளவு கூடுதலுக்கு ஒரு இடத்தில் இரண்டாயிரம், இன்னொரு இடத்தில் பத்தாயிரம். பொருளுக்கு விலையா, பெயருக்கு விலையா? அடுத்த சந்தேகம்: லாபம் எல்லாம் விலை கூடின ஃபோனில்தான் என்கிறார்கள். அப்படியானால் மலிவு மாடல் எதற்காகப் போடுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கல்லாப்பெட்டி

திருப்பூரில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். கடைக்காரன் பக்கத்தைச் சொல்கிறேன்.

அடிப்படை மாடல் விளம்பரத்துக்கு. "9,999 முதல்" என்று பத்திரிகையில் போட அது வேண்டும். 2017 ஜனவரியில் ரெட்மி நோட் 4 வந்தது ஞாபகம் இருக்கும். 2 ஜிபி ரேம், 32 ஜிபி மாடல் 9,999. 3 ஜிபி ரேம், 32 ஜிபி 10,999. 4 ஜிபி ரேம், 64 ஜிபி 12,999. விளம்பரத்தில் இருந்தது 9,999. கடைக்கு வந்தவர்கள் அந்த விலையைப் பார்த்துத்தான் வந்தார்கள், கையில் எடுத்துப் பார்த்ததும் "ஆயிரம்தானே" என்று நடுவிலுள்ளதற்குப் போனார்கள், அங்கிருந்து "இவ்வளவு கொடுத்தாச்சு" என்று மேலே போனவர்களும் உண்டு.

தவணை வந்த பிறகு இது இன்னும் சுலபம். இரண்டாயிரம் என்று சொன்னால் யோசிப்பார்கள். மாதம் 170 ரூபாய் என்று சொன்னால் தலையாட்டிவிடுவார்கள். பையன்களுக்கு இப்படிச் சொல்லத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள்.

#3 சிலிக்கான்_சித்தர்

மெமரி சிப் சம்பந்தப்பட்ட வேலையில் இருக்கிறேன். வைகைக்கரை அக்கா, பொருளின் விலை எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ஐபோன் 16-இல் 128-லிருந்து 256 போக 10,000. 256-லிருந்து 512 போக 20,000. இரண்டையும் வகுத்துப் பாருங்கள், ஒரு ஜிபிக்கு 78 ரூபாய் வருகிறது. 2023-இல் கம்ப்யூட்டரில் தகவல் சேமிக்கும் 1 டிபி (1,024 ஜிபி) என்விஎம்இ எஸ்எஸ்டி சில்லறைக் கடையிலேயே ஐயாயிரம் சொச்சத்துக்குக் கிடைத்தது. ஒரு ஜிபி ஐந்தாறு ரூபாய். அது வரி, கடைக்காரர் லாபம், பெட்டி எல்லாம் சேர்ந்த விலை. ஃபோனில் இருக்கும் சிப்பும் அதே நேண்ட் ஃப்ளாஷ் (மின்சாரம் போனாலும் தகவலை வைத்திருக்கும் சிப்) குடும்பம்தான். அளவு சிறியது, மின்சாரம் குறைவாக எடுக்க வேண்டும், அதனால் கொஞ்சம் விலை கூடும். ஆனால் 6 எங்கே, 78 எங்கே?

இன்னொன்றையும் பாருங்கள். ஐபோன் 17 ப்ரோ மேக்ஸ் 256 ஜிபி 1,49,900, 512 ஜிபி 1,69,900, 1 டிபி 1,89,900, 2 டிபி 2,29,900 என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். 256-லிருந்து 512 போக ஜிபிக்கு 78 ரூபாய். 512-லிருந்து 1 டிபி போக 39. 1 டிபியிலிருந்து 2 டிபி போகவும் 39. சிப்பின் விலையை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் முதல் படி மட்டும் இரண்டு மடங்காக இருக்கக் காரணமே இல்லை. முதல் படியில்தான் கூட்டம் ஏறுகிறது.

#4 கணக்குப்பிள்ளை

பொருளாதாரம் படித்தவன், கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சித்தர் காட்டியது ரொம்ப முக்கியமான இடம். இது புதிய தந்திரம் இல்லை. 1849-இலேயே பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர் ஜூல் துபுயி ரயிலை வைத்து இதை எழுதிவிட்டார். அன்றைக்கு மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை கிடையாது. வெயில், மழை, கரிப்புகை எல்லாம் பயணி தலையில். கூரை போட ஆகும் செலவு கம்பெனிக்கு ஒரு பொருட்டே இல்லை. ஏழைகளைத் துன்புறுத்தும் எண்ணமும் இல்லை. இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம்.

கம்ப்யூட்டர் உலகிலும் நடந்திருக்கிறது. 1990-இல் ஐபிஎம் ஒரு லேசர் பிரின்டரின் மலிவு வடிவத்தை விற்றது. விலை கூடினது நிமிடத்துக்கு 10 பக்கம், மலிவானது 5. இயந்திரம் கிட்டத்தட்ட ஒன்றேதான். வேகத்தைக் குறைப்பதற்காகவே மலிவு பிரின்டரில் கூடுதலாக ஒரு வேலை செய்திருந்தார்கள். அதாவது மலிவுப் பொருளைச் செய்யச் செலவு கூடுதல், விற்ற விலை குறைவு! 1991-இல் இன்டெல்லின் 486 எஸ்எக்ஸ் சிப்பும் அப்படித்தான், உள்ளே இருந்த கணிதப் பகுதியை முடக்கி விலையைக் குறைத்து விற்றார்கள்.

வாங்குகிறவர்கள் ஒவ்வொருவரும் எவ்வளவு வரை கொடுப்பார்கள் என்று கம்பெனிக்கு நேரில் கேட்க முடியாது. கேட்டாலும் உண்மையைச் சொல்ல மாட்டோம். ஆகவே நாமே வரிசையில் பிரிந்து நிற்கும்படி பொருளை அமைக்கிறார்கள். ஸ்டோரேஜ் இதற்கு அருமையான கருவி. எண் பெரிதானால் நல்லது என்று குழந்தைக்குக்கூடப் புரியும், பிரித்து வைக்கச் செலவும் சொற்பம்.

#5 அடையாறு_ஆலமரம்

எல்லாரும் கம்பெனியை வில்லனாக்குவதற்கு முன் நியாயத்தையும் பார்க்க வேண்டும் நண்பர்களே. நான் பொருள் விநியோகத் துறையில் இருக்கிறேன்.

அந்தப் பத்தாயிரத்தில் ஜிஎஸ்டி 18 சதவீதம். 2020 ஏப்ரலுக்கு முன் 12 ஆக இருந்தது. வரி உள்ளடங்கிய விலை என்பதால் 1,525 ரூபாய் அரசாங்கத்துக்குப் போய்விடுகிறது. விநியோகஸ்தர், கடைக்காரர் பங்கு அதற்கு மேல். அடுத்து, ஐபோன் 16-இல் ஐந்து நிறம், மூன்று ஸ்டோரேஜ். மொத்தம் பதினைந்து வகைப் பெட்டிகள். எந்த ஊரில் எது எத்தனை போகும் என்று முன்கூட்டியே கணித்து அனுப்ப வேண்டும். 512 ஜிபி இளஞ்சிவப்பு ஒரு சின்ன ஊர்க் கடையில் மாதக்கணக்கில் தூங்கும். அந்த முடங்கின பணத்துக்கும் யாரோ ஒருவர் விலை கொடுக்கத்தான் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிப்பின் விலையை மட்டும் வைத்து ஃபோனுக்கு விலை போட்டால் மென்பொருள் எழுதியவருக்கும், ஐந்தாறு வருடம் அப்டேட் கொடுப்பதற்கும் யார் சம்பளம் கொடுப்பது? 128 ஜிபி மாடலில் குறைவாகவும் 512-இல் அதிகமாகவும் எடுத்துச் சமப்படுத்துகிறார்கள். அதிகம் கொடுக்க முடிந்தவர் அதிகம் கொடுப்பதால் மற்றவருக்கு விலை குறைகிறது என்றும் பார்க்கலாமே?

#6 கணக்குப்பிள்ளை

ஆலமரம் சொன்ன கடைசி வரியை ஏற்கிறேன், அது உண்மையாகவே நடக்கக்கூடியது. எல்லாருக்கும் ஒரே விலை என்று சட்டம் போட்டால் 128 ஜிபிக்காரருக்கு விலை ஏறும் வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: அடிப்படை மாடல் நிஜமாகவே பயன்படக்கூடியதாக இருக்க வேண்டும். கூரையில்லாப் பெட்டியாக இருந்தால் அந்த வாதம் நிற்காது.

#7 சிலிக்கான்_சித்தர்

கூரையில்லாப் பெட்டிக்கு உதாரணம் என் கையிலேயே இருந்தது. ஐபோன் 6, 16 ஜிபி.

வரலாற்றை வரிசையாகப் பாருங்கள். அமெரிக்க விலையில் சொல்கிறேன். 2007-இல் முதல் ஐபோன் 4 ஜிபி 499 டாலர், 8 ஜிபி 599. நூறு டாலருக்கு 4 ஜிபி. 2013-இல் 5எஸ், 16-லிருந்து 32 போக நூறு டாலர், 32-லிருந்து 64 போக இன்னொரு நூறு. 2014-இல் ஐபோன் 6 வந்தபோது நடுவில் இருந்த 32-ஐத் தூக்கிவிட்டார்கள். 16, 64, 128. விலை 649, 749, 849. 2016-இல் ஐபோன் 7, 32, 128, 256. அதே 649, 749, 849. 2024-இல் ஐபோன் 16, 128-லிருந்து 256 போக அதே நூறு டாலர்.

நடுவில் சில மாடல்களில் மாறினாலும், பதினேழு வருடம் கழித்தும் அதே நூறு டாலர். அந்த நூறு டாலருக்குக் கிடைக்கும் ஜிபி மட்டும் 4-லிருந்து 128 ஆனது. முதலில் படியின் உயரத்தை முடிவு செய்கிறார்கள், பிறகு அதற்குள் எத்தனை ஜிபி வைத்தால் ஜனங்கள் ஏறுவார்கள் என்று பார்க்கிறார்கள்.

ஐபோன் 6-இல் 32-ஐத் தூக்கியதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம். 32 இருந்திருந்தால் பெரும்பாலானோர் அதோடு நின்றிருப்பார்கள். 16-ஐ வேண்டுமென்றே தொண்டையைப் பிடிக்கும் அளவுக்கு வைத்தார்கள். அந்த வருடம் ஐஓஎஸ் 8 (ஐபோனை இயக்கும் மென்பொருள்) அப்டேட்டை ஃபோனிலிருந்தே போட 5 ஜிபி அளவுக்குக் காலி இடம் தேவைப்பட்டது. இது தொடர்பாக 2014 டிசம்பரில் அமெரிக்காவில் வழக்கே போட்டார்கள். வீட்டு விசேஷத்தில் வீடியோ எடுக்கும்போது "இடம் இல்லை" என்று நின்றுபோகும், அங்கேயே உட்கார்ந்து பழைய படங்களை அழிக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தை அனுபவித்தவர் அடுத்த முறை கேட்காமலேயே பெரிய அளவுக்குப் பணம் கொடுப்பார்.

#8 நிலாமுற்றம்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். ஸ்டோரேஜ் குறைந்த மாடலில் வேகமும் குறைவதுண்டு, அதைப் பெட்டியில் போடுவதில்லை. 2023-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23, 128 ஜிபி மாடலில் யூஎஃப்எஸ் (ஃபோன் ஸ்டோரேஜ் சிப்பின் வகை) 3.1, 256-இல் அதைவிட வேகமான யூஎஃப்எஸ் 4.0. இந்தியாவில் விலை 74,999, 79,999. ஐயாயிரம் வித்தியாசம் கொள்ளளவுக்கு மட்டும் என்று நினைத்துத்தான் பலர் 128 வாங்கினார்கள். ஒரே பெயர், ஒரே விளம்பரம், உள்ளே வேறு தலைமுறைச் சிப்.

#9 சிலிக்கான்_சித்தர்

சரியாகச் சொன்னீர்கள். எஸ்23-இல் சிப்பின் தலைமுறையே வேறு. ஆனால் ஒரே தலைமுறையாக இருந்தாலும் சின்ன அளவு மெதுவாக இருக்க இயற்கையான காரணம் ஒன்று உண்டு. ஸ்டோரேஜ் சிப்புக்குள் பல துண்டுகள் அடுக்கியிருக்கும், எழுதும்போது எல்லாத் துண்டுகளிலும் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். துண்டு குறைந்தால் வேகமும் குறையும். 2016-இல் ஐபோன் 7-இன் 32 ஜிபி மாடல் எழுதுவதில் 128-ஐவிட ரொம்ப மெதுவாக இருப்பதைச் சோதித்துக் காட்டினார்கள்.

பத்தாயிரம் ரூபாய் வரம்பில் இன்னும் கவனம் தேவை. அங்கே பல மாடல்களில் யூஎஃப்எஸ் கூட இல்லாமல் இஎம்எம்சி என்ற பழைய வகை வரும். இஎம்எம்சி ஒரு நேரத்தில் படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. ஆப் அப்டேட் ஓடும்போது ஃபோன் கையில் உறைந்து நிற்கிறதே, பெரும்பாலும் அதுதான். "ரேம் பத்தவில்லை" என்று நினைத்துக்கொள்வோம்.

அதே வரம்பில் ரேமும் ஸ்டோரேஜும் ஒரே சிப் பெட்டிக்குள் ஒட்டி வருவதும் உண்டு. 4+64, 6+128 என்று ஜோடியாகவே விற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 4 ஜிபி ரேமோடு 256 ஜிபி வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது, ரேமுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

#10 வைகைக்கரை

ஸ்டோரேஜ் விஷயம் நன்றாகப் புரிகிறது, நன்றி. மலிவு மாடல் எதற்கு என்ற கேள்வி மட்டும் நிற்கிறது. ஒரு ஃபோனில் சில நூறு ரூபாய்கூட நிற்காது என்கிறார்களே?

#11 கணக்குப்பிள்ளை

ஆப்பிளும், ரெட்மி ஃபோன் செய்யும் ஷாவ்மியும் இதை வேறு வேறு காரணத்துக்காகச் செய்கிறார்கள் அம்மா, தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

ஆப்பிள் 2013-இல் ஐபோன் 5சி என்று பிளாஸ்டிக் முதுகோடு விட்டது. அமெரிக்காவில் 549 டாலர், கூடவே வந்த 5எஸ் 649. இந்தியாவில் 41,900, 53,500. இது மலிவே இல்லை! எதிர்பார்த்தபடி போகவில்லை, பலரும் இன்னும் கொஞ்சம் போட்டு 5எஸ் வாங்கினார்கள். 5சி, 5எஸ் விற்பனை விகிதம் நினைத்ததற்கு மாறாக அமைந்தது என்று டிம் குக்கே அடுத்த ஜனவரியில் சொன்னார். கம்பெனிக்கு நஷ்டம் என்று சொல்ல முடியுமா? விலை கூடினது நியாயமாகத் தெரிய 5சி பக்கத்தில் நின்றது.

பிறகு வழியை மாற்றினார்கள். 2020-இல் வந்த ஐபோன் எஸ்இ, 2017-இன் ஐபோன் 8 உடம்பில் புதிய ஏ13 சிப். 399 டாலர். உடம்புக்கான அச்சு, தொழிற்சாலை வரிசை, சோதனைக் கருவி எல்லாவற்றின் செலவும் ஏற்கெனவே எடுத்தாயிற்று. 2025 பிப்ரவரியில் வந்த ஐபோன் 16இ-யில் ஐபோன் 16-இன் அதே ஏ18 சிப்தான், ஆனால் கிராஃபிக்ஸ் கோர் (திரையில் படம் வரையும் பிரிவு) ஐந்துக்குப் பதில் நான்கு. செய்யும்போது ஒரு கோர் சரியாக வராத சிப்பைத் தூக்கி எறியாமல் இப்படிப் பயன்படுத்த முடியும்.

அடுத்தது, ஆள் உள்ளே வந்தால் போதும். 2024 நிதியாண்டில் ஆப்பிளுக்குப் பொருள் விற்பதில் மொத்த லாப விகிதம் 37 சதவீதம், சேவைகளில் 74. ஐகிளவுடில் (படங்களை இணையத்தில் சேமித்து வைக்கும் ஆப்பிள் சேவை) இலவசம் 5 ஜிபி, 2011-இல் ஆரம்பித்தபோது கொடுத்த அதே 5. ஃபோனில் 100 ஜிபி நிரம்பினால் 5 ஜிபியில் எப்படி பேக்கப் எடுப்பது? 50 ஜிபிக்கு மாதம் 75 ரூபாய், 200 ஜிபிக்கு 219. ஃபோனில் ஸ்டோரேஜ் குறைவாக வாங்கி மிச்சம் பிடித்தவர் அதை மாதாமாதம் திருப்பிக் கொடுக்கிறார்.

#12 நிலாமுற்றம்

ஷாவ்மி மாதிரி கம்பெனிகள் பற்றி நான் சொல்கிறேன். 2018 ஏப்ரலில் அதன் தலைவர் லெய் ஜுன் ஒரு உறுதிமொழி கொடுத்தார்: வன்பொருளில் நிகர லாபம் 5 சதவீதத்தைத் தாண்டாது என்று. மீதி எங்கிருந்து வரும்? விளம்பரம், முன்பே ஏற்றி அனுப்பும் ஆப்கள், தீம் கடை.

அப்பாவுக்கு வாங்கிய ஒரு மலிவு ஃபோனில் (எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை) பூட்டுத் திரையைத் தொட்டாலே விளம்பரப் படம். கோப்புகளைத் திறக்கும் ஆப்பிலும் விளம்பரம். அவர் தெரியாமல் அழுத்திவிடுவார், ஏதோ ஒரு விளையாட்டு இறங்கும். 64 ஜிபியில் பெட்டியைத் திறந்ததுமே சிஸ்டமும் கூட வந்த ஆப்களும் பெரிய பங்கைத் தின்றிருந்தன. மீதியை வாட்ஸாப் காலை வணக்கப் படங்கள் நிரப்பின. ஒவ்வொரு குரூப்பிலும் அதே ரோஜாப்பூ. வயதானவர்களுக்கு வாங்கிக் கொடுப்பவர்கள் முதல் நாளே வாட்ஸாப்பில் தானாக இறங்குவதை நிறுத்திவிடுங்கள், செட்டிங்கில் "ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா" என்ற இடத்தில் இருக்கிறது.

ஏழைகளுக்கு ஃபோன் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படலாம், நானும் படுகிறேன். ஆனால் அவர்களுடைய திரையை விற்றுத்தான் அந்த விலை வருகிறது என்பதைப் பெட்டியில் எழுதட்டும்.

#13 ஆடிப்பெருக்கு

எனக்கு வேறு சந்தேகம் அண்ணா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரத்தில்தான் ஐபோன் செய்கிறார்கள், எங்கள் ஊர்ப் பெண்கள் நிறையப் பேர் ஃபாக்ஸ்கான் வேலைக்குப் போகிறார்கள். இங்கேயே செய்தும் நமக்கு ஏன் அமெரிக்காவைவிட விலை கூட?

#14 அடையாறு_ஆலமரம்

தம்பி, அங்கே நடப்பது பாகங்களைக் கோர்க்கும் வேலை. மெமரி சிப், திரை, கேமரா எல்லாம் வெளியிலிருந்து வருகின்றன. இங்கே கோர்த்தால் முழு ஃபோனாக இறக்குமதி செய்யும்போது கட்டும் சுங்க வரி மிச்சம். அது 20 சதவீதமாக இருந்தது, 2024 ஜூலை பட்ஜெட்டில் 15 ஆகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் மாநில விற்பனை வரி சேராது, நம் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கிறது. அதைக் கழித்தாலும் வித்தியாசம் மிஞ்சும். கணக்குப்பிள்ளை சொன்ன அதே விஷயம்தான், இந்தச் சந்தையில் யார் எவ்வளவு கொடுப்பார்கள் என்று பார்த்து வைத்த விலை.

#15 கல்லாப்பெட்டி

மெமரி கார்டு பற்றி யாரும் பேசவில்லையே. முன்பெல்லாம் 16 ஜிபி ஃபோன் வாங்கி 32 ஜிபி கார்டு போட்டு வருடக்கணக்கில் ஓட்டினார்கள். சாம்சங் 2015-இல் எஸ்6-இல் கார்டு இடத்தை எடுத்தது, எதிர்ப்பு வந்ததும் எஸ்7-இல் திருப்பிக் கொடுத்தது, 2021-இல் எஸ்21-இல் மறுபடி எடுத்துவிட்டது. கார்டில் வேகம் போதாது என்பது சொல்லும் காரணம். ஆப்புக்கு அது சரி. பாட்டும் படமும் வைக்க என்ன வேகம் வேண்டும்? கார்டு இடம் இருந்தால் 256 ஜிபி மாடல் விற்காது, கடையில் நின்று பார்ப்பவனுக்கு அது தெரியும்.

அதனால் அக்கா, கார்டு இடம் உள்ள மாடலாக இருந்தால் 128 தாராளம். இல்லையென்றால் மட்டும் 256 பற்றி யோசியுங்கள்.

#16 சிலிக்கான்_சித்தர்

வாங்கும் முன் பிள்ளை என்ன செய்வாள் என்று பாருங்கள். பாட நோட்டு, வாட்ஸாப், யூடியூப் என்றால் 128 மூன்று நான்கு வருடம் தாங்கும். வீடியோ எடுக்கும் பழக்கம் இருந்தால் கணக்கே வேறு. ஐபோன் செட்டிங்கில் அவர்களே போட்டிருக்கிறார்கள்: 4கே, வினாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 170 எம்பி, 60 ஃப்ரேம் என்றால் 400 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 24 ஜிபி. கல்லூரி ஆண்டு விழா ஒன்றே போதும்.

ஆண்ட்ராய்டில் இரண்டாயிரம் வித்தியாசத்துக்கு 256 என்றால் வாங்கலாம், ஜிபிக்கு 16 ரூபாய்தான் ஆகிறது. பத்தாயிரம் வித்தியாசம் என்றால் அந்தப் பணத்தில் ஒரு 1 டிபி வெளி எஸ்எஸ்டி வாங்கி, மாதம் ஒருமுறை படங்களை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுங்கள்.

#17 நிலாமுற்றம்

விலை இறங்கட்டும் என்று காத்திருக்கலாமா என்று கேட்பீர்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். 2025 கடைசியிலிருந்து மெமரி விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குச் சிப் கம்பெனிகள் முதலிடம் கொடுக்கின்றன. மைக்ரான் அந்த டிசம்பரில் க்ரூஷியல் என்ற பெயரில் நுகர்வோருக்கு விற்ற தொழிலையே மூடுவதாக அறிவித்தது. சீனாவில் 2025 அக்டோபரில் ரெட்மி கே90 வந்தபோது பெரிய ஸ்டோரேஜ் மாடல்களின் விலை பற்றிப் பெரும் புகார் கிளம்ப, மெமரி விலையேற்றத்தைக் காரணம் சொல்லி, 12+512 மாடலுக்கு மட்டும் முதல் மாதம் 300 யுவான் குறைத்தார்கள். சித்தர் சொன்ன வெளி எஸ்எஸ்டிக்கும் பழைய விலையை எதிர்பார்க்க முடியாது.

#18 சிலிக்கான்_சித்தர்

ஆமாம், எஸ்எஸ்டி வாங்கும் அன்றைக்கு விலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இந்த ஏற்றம் மலிவு மாடலைத்தான் முதலில் கடிக்கும். அங்கே ஃபோனின் மொத்தச் செலவில் மெமரியின் பங்கு அதிகம், லாபம் மெல்லியது. விலையை ஏற்ற முடியாவிட்டால் உள்ளே குறைப்பார்கள்: போன வருடம் 8 ஜிபி ரேம் இருந்த அதே விலையில் 6, யூஎஃப்எஸ் இருந்த இடத்தில் இஎம்எம்சி. ஆகவே அக்கா, பையன் காட்டும் பெட்டியில் 128, 256 என்ற எண்ணோடு ரேம் எவ்வளவு என்றும் பாருங்கள். ஸ்டோரேஜ் எந்த வகை என்று பெட்டியில் இருக்காது, கம்பெனியின் இணையப் பக்கத்தில் விவரப் பட்டியலின் கீழே தேடினால் பெரும்பாலும் கிடைக்கும். மாடல் பெயரைப் போடுங்கள், நானே பார்த்துச் சொல்கிறேன்.